ராணி லிலியுவோகலானியும் 21,269 கையெழுத்தும்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதணும் என்று முடிவானபோது, நான் கேட்டு வாங்கிய பெயர் லிலியுவோகலானி. வாயில் நுழையாத பெயரா இருக்கே என்று நம்ம உறுப்பினர்கள் சிரித்தார்கள். லிலி, யுவோ, கலானி என்று பிரித்துப் படியுங்கள், வந்துவிடும். பசிபிக் பெருங்கடலின் நடுவில் உள்ள ஹவாய் தீவுகளின் கடைசி ராணி அவர்.

அவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு அரண்மனையும் கிரீடமும் காரணம் இல்லை. 1886-ஆம் ஆண்டிலேயே, ராணி ஆவதற்கு முன்பே, ஹொனலுலு நகரில் பெண்களுக்கென்று ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கியவர் அவர். ஹிலோ என்ற ஊரில் பெண்களுக்குக் கடன் கொடுக்கும் சங்கம் ஒன்று உருவாகவும் உதவினார். வசதியில்லாத வீட்டுப் பெண் பிள்ளைகள் படிப்பதற்காக அதே வருடம் ஒரு கல்விச் சங்கமும் ஆரம்பித்தார். சேமிப்பு, கடன், பிள்ளைகள் படிப்பு என்று நம்ம குழுக் கூட்டங்களில் பேசுகிறதை 130 வருடத்துக்கு முன்னாடியே ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார் என்றால் அவரைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா?

இன்னொரு காரணம் கையெழுத்து. குழுவில் சேர்ந்த பிறகுதான் நம்மில் பலர் பெயர் எழுதவே கற்றுக்கொண்டோம். தீர்மானப் புத்தகத்தில் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். இந்த ராணியின் வாழ்க்கையில் மூன்று கையெழுத்துகள் வருகின்றன. அந்த மூன்றையும் புரிந்துகொண்டால், பூர்வகுடி மக்களின் உரிமை என்று உலகம் பேசுவது எதை என்பதும் புரிந்துவிடும்.

பிறப்பும் வளர்ப்பும்

1838 செப்டம்பர் 2-ஆம் தேதி ஹொனலுலுவில் பிறந்தார். பிறந்த உடனே அவரை வேறொரு தலைவர் குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். இது அந்த ஊர் வழக்கம். உறவு விட்டுப்போகாமல் இரண்டு குடும்பங்களும் பிள்ளையால் இணைந்திருக்கும். நான்கு வயதில், கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். தலைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிதான். ஆனாலும் இரவில் பசியோடு படுத்த நாட்கள் உண்டு என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆங்கிலமும் இசையும் அங்கேதான் படித்தார்.

பாட்டு அவருக்குப் பிறவியிலேயே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இயற்றினார். அலோஹா ஓயே என்ற அவருடைய பாட்டை இன்றைக்கும் உலகம் முழுவதும் பாடுகிறார்கள். 1862-ல் ஜான் டொமினிஸ் என்பவரைத் திருமணம் செய்தார். பெற்ற பிள்ளை இல்லை. மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்.

அவருடைய அண்ணன் கலாகௌவா 1874-ல் அரசர் ஆனார். 1881-ல் அண்ணன் உலகப் பயணம் போனபோது ஆட்சிப் பொறுப்பைத் தங்கையிடம் விட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து அம்மை நோய் பரவியது. நோய் மற்ற தீவுகளுக்குப் போய்விடாமல் இருக்க, துறைமுகங்களை மூட உத்தரவு போட்டார். வியாபாரம் கெடுகிறதே என்று பணக்கார வணிகர்கள் கோபப்பட்டார்கள். அவர் அசையவில்லை. வெளியிலிருந்து வந்த நோய்களால் ஹவாய் மக்கள் ஏற்கெனவே கொத்துக் கொத்தாகச் செத்து, எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருந்தது. அவருக்கு முதலில் உயிர், பிறகுதான் வியாபாரம்.

கரும்பு கொண்டு வந்த வினை

ஹவாய் அப்போது யாருக்கும் அடிமை நாடு இல்லை. 1840-லேயே எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்தது. 1843-ல் பிரிட்டனும் பிரான்சும் அதைத் தனி நாடு என்று ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவும் அதோடு ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. அப்படிப்பட்ட நாடு எப்படிக் கைமாறியது?

முதலில் நிலம் போனது. ஹவாய் மக்களுக்கு நிலம் என்பது விற்கிற, வாங்குகிற பொருளாக இருந்ததில்லை. 1848-ல் நிலத்தைப் பிரித்துப் பட்டா போடும் முறை வந்தது. உழுது பயிரிட்ட சாதாரண மக்களுக்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. எங்கே போய் விண்ணப்பிக்கணும், எப்படி அளக்கணும் என்று தெரியாமலே பலர் நிலத்தை விட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் வாங்கிக் கரும்புத் தோட்டம் போட்டார்கள். 1876 முதல் ஹவாய் சர்க்கரை வரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தோட்ட முதலாளிகளின் கை ஓங்கியது.

1887-ல் அந்தக் கூட்டம் துப்பாக்கிப் படையைக் காட்டி மிரட்டி, ஒரு புதிய அரசியல் சட்டத்தில் கலாகௌவா அரசரைக் கையெழுத்துப் போட வைத்தது. சொத்தும் வருமானமும் இருந்தால்தான் மேல்சபைக்கு ஓட்டு என்று ஆனது. ஏழை ஹவாய்க்காரர்கள் பெரும்பாலோருக்கு அந்த ஓட்டு போனது. ஆசியாவிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கு ஓட்டே இல்லை. குடியுரிமை வாங்காத வெள்ளைக்காரர்களுக்கோ ஓட்டு கிடைத்தது. அப்போது லிலியுவோகலானி விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக லண்டன் போயிருந்தார். செய்தி கிடைத்ததும் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

1891 ஜனவரியில் அண்ணன் இறந்தார். 29-ஆம் தேதி தங்கை ராணி ஆனார். அதே ஆகஸ்டில் கணவரும் போய்ச் சேர்ந்தார். துணைக்கு ஆள் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு நாட்டைப் பார்க்க வேண்டிய நிலை. ஓட்டுரிமையைத் திரும்பத் தரும் புதிய சட்டம் வேண்டும் என்று மக்களிடமிருந்து மனுக்கள் வந்து குவிந்தன.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் எழுத மாட்டேன். அரசின் வருமானத்துக்காக லாட்டரி நடத்தவும், உரிமம் கொடுத்து அபின் விற்கவும் வழி செய்த மசோதாக்களில் 1893 ஜனவரியில் கையெழுத்திட்டார். லாட்டரியும் போதையும் குடும்பத்தை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை வைத்தே எதிரிகள் அவரைத் தூற்றினார்கள். ஆனால் அவர்களுடைய உண்மையான பயம் வேறு. மக்களுக்கு ஓட்டு திரும்பினால் தங்கள் பிடி போய்விடும் என்பதுதான் அது. அதுவும் போக, 1890-ல் அமெரிக்கா வரிச் சட்டத்தை மாற்றியதில் ஹவாய் சர்க்கரைக்கு இருந்த சலுகை போயிருந்தது. ஹவாயையே அமெரிக்காவோடு சேர்த்துவிட்டால் சர்க்கரை வியாபாரம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

முதல் கையெழுத்து

1893 ஜனவரி 14-ஆம் தேதி புதிய அரசியல் சட்டத்தைக் கொண்டுவர ராணி முயன்றார். அமைச்சர்களே தயங்கியதால் தள்ளிப்போட்டார். இதைச் சாக்காக வைத்து 13 பேர் கொண்ட ஒரு குழு ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பியது. அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் அவர்களுக்குத் துணை நின்றார். 16-ஆம் தேதி மாலை, பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் ஹொனலுலு தெருக்களில் இறங்கினார்கள். மறுநாள் அந்தக் குழு தன்னையே அரசு என்று அறிவித்துக்கொண்டது.

சண்டை போட்டிருந்தால் அவருடைய மக்கள் செத்திருப்பார்கள். அதனால் அவர் இறங்கி வந்தார். ஆனால் எப்படி இறங்கினார் என்பதைக் கவனியுங்கள். அந்த 13 பேரிடம் ஆட்சியை ஒப்படைத்ததாக அவர் எழுதவில்லை. அமெரிக்காவின் படைபலத்துக்கு முன்னால், எதிர்ப்புத் தெரிவித்து, தற்காலிகமாக விலகுவதாக எழுதினார். அமெரிக்க அரசு உண்மையை விசாரித்துத் தன் அதிகாரி செய்ததைச் சரிசெய்யும் வரைக்கும்தான் இது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். பிடுங்கிக்கொண்டதைப் பிடுங்கிக்கொண்டது என்றே எழுதி வைத்தார். கொடுத்தது என்று எழுதவில்லை. இந்த ஒரு தாளுக்குப் பின்னால் எவ்வளவு வலு வந்தது என்று பாருங்க.

புதிதாக வந்த அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லாந்து விசாரணைக்கு ஆள் அனுப்பினார். விசாரணை முடிந்ததும், நடந்தது தவறு, ராணிக்கு ஆட்சியைத் திருப்பித் தர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் ஆட்சியைப் பிடித்தவர்கள் விட மறுத்தார்கள். 1894 ஜூலை 4-ல் குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சான்ஃபோர்டு டோல் அதற்குத் தலைவர் ஆனார்.

இரண்டாவது கையெழுத்து

1895 ஜனவரியில் ராணியின் ஆதரவாளர்கள் ஆயுதம் எடுத்தார்கள். சில நாளிலேயே அடக்கிவிட்டார்கள். ராணியைக் கைது செய்து, அவருடைய இயோலானி அரண்மனையிலேயே மாடியில் ஒரு அறையில் அடைத்தார்கள். அரியணை தாங்கிய மன்றத்திலேயே அவரைக் குற்றவாளியாக நிறுத்தி ராணுவ விசாரணை நடத்தினார்கள். கிளர்ச்சி நடக்கப்போவது தெரிந்தும் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 5 வருடக் கடுங்காவல், 5,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. கடின வேலை வாங்கவில்லை, அறையில் பூட்டி வைத்தார்கள்.

விசாரணைக்கு முன்பே, அரச பதவியை முழுதாகத் துறப்பதாக ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்காக நின்றவர்களின் உயிர் போகும் என்று சொல்லப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். போட்டார். அதிலும் லிலியுவோகலானி டொமினிஸ் என்று கணவர் பெயரைச் சேர்த்துப் போடச் சொன்னார்கள். அவர் ஒருநாளும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர் இல்லை. மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று பின்னாளில் வெளிப்படையாகவே அறிவித்தார். கடன் பத்திரத்திலும் வெற்றுத் தாளிலும் மிரட்டி வாங்கப்பட்ட கையெழுத்துகளைப் பார்த்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ராணிக்கே அதுதான் நடந்தது என்று படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

சுமார் 8 மாதம் அந்த அறையில் இருந்தார். செய்தித்தாள் தரக் கூடாது என்று உத்தரவு. ஆனால் தோட்டத்துப் பூக்கள் செய்தித்தாளில் சுற்றி வந்தன! பூவை எடுத்து வைத்துவிட்டு, சுற்றி வந்த தாளைப் பிரித்துப் படித்துக்கொள்வார். துணைக்கு இருந்த பெண்களோடு சேர்ந்து பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். நடுவில் தான் ராணி ஆன நாள், கவிழ்க்கப்பட்ட நாள், சிறைப்பட்ட நாள் எல்லாவற்றையும் நூலால் பின்னி வைத்தார். சிறையில் இருந்தபடியே ஊசியால் வரலாறு எழுதினார் என்றே சொல்லலாம். அந்தப் போர்வை இன்றும் அதே அரண்மனையில் இருக்கிறது. தன் மக்களின் பழைய படைப்புப் பாட்டான குமுலிப்போவை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையையும் சிறையில் செய்தார். 1897-ல் அது புத்தகமாக வந்தது. 1898-ல் தன் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார்.

மூன்றாவது கையெழுத்து

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதில் ராணியை விட ஊர்ப் பெண்களுக்குத்தான் பெரிய பங்கு.

1897-ல் கிளீவ்லாந்து போய் மக்கின்லி ஜனாதிபதி ஆனார். ஹவாயை அமெரிக்காவோடு இணைக்கும் ஒப்பந்தம் ஜூன் 16-ல் கையெழுத்தானது. வாஷிங்டனில் இருந்த ராணி மறுநாளே எழுத்தில் எதிர்ப்பைக் கொடுத்தார். ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் அமெரிக்க மேல்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

ஹவாயில் ஹுய் அலோஹா ஐனா என்று ஒரு சங்கம் இருந்தது. நிலத்தை நேசிப்பவர்களின் சங்கம் என்று பொருள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு பிரிவு. பெண்கள் பிரிவுக்கு அபிகாயில் கேம்ப்பெல் தலைவி. ஹிலோவைச் சேர்ந்த எம்மா நாவாஹி அதன் முன்னணித் தலைவிகளில் ஒருவர். 1897 செப்டம்பரில் இவர்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கப்பலில்தான் போகணும். கூட்டம் போட்டு, இணைப்பு என்றால் என்ன, நிலம் என்ன ஆகும், பிள்ளைகள் கதி என்ன என்று தங்கள் மொழியில் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டினார்கள். மக்கள் பெயரும் வயதும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆண்களுக்குத் தனித் தாள், பெண்களுக்குத் தனித் தாள். அந்தப் பெண்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது. ஓட்டு இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் பெயரை எழுதி நாட்டுக்காக நின்றார்கள்.

மொத்தம் 556 பக்கம், 21,269 கையெழுத்து. ஹவாய் பூர்வகுடி மக்களே அப்போது சுமார் 40,000 பேர்தான், குழந்தைகள் உட்பட! எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வேறொரு சங்கமும் 17,000 கையெழுத்து சேகரித்திருந்தது. ஆனால் அது ராணி ஆட்சி திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை. இரண்டு விதமாகக் கேட்டால் எதிரிக்குப் பேச இடம் கொடுத்த மாதிரி ஆகும் என்று, இணைப்பு வேண்டாம் என்ற ஒரே மனுவை மட்டும் நான்கு பிரதிநிதிகள் டிசம்பரில் வாஷிங்டனில் கொடுத்தார்கள். ராணியும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார்கள். 1898 பிப்ரவரி கடைசியில் ஒப்பந்தத்துக்கு 46 ஓட்டுத்தான் உறுதியாக இருந்தது. ஒப்பந்தம் தோற்றது. ஒரு சின்னத் தீவின் மக்கள் தாளும் மையும் வைத்து வல்லரசின் ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்தது. பசிபிக்கில் கடற்படைக்கு இடம் வேண்டும் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் ஒப்பந்த வழியை விட்டுவிட்டு, பாதிக்கு மேல் ஓட்டு இருந்தாலே போதும் என்ற தீர்மான வழியில் போய், ஜூலை 7-ல் இணைத்துவிட்டார்கள். ஆகஸ்டு 12-ல் அரண்மனையில் ஹவாய் கொடியை இறக்கினார்கள். ராணி அந்த விழாவுக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே தன் மக்களோடு இருந்தார். அரச நிலமும் அரசாங்க நிலமுமாக சுமார் 18 லட்சம் ஏக்கர் ஒரு பைசா கொடுக்காமல் கைமாறியது.

போன பிறகும் நின்றது

ராணி கடைசி வரை விடவில்லை. நிலத்துக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார், 1910-ல் தோற்றார். தன் சொந்தச் சொத்தை 1909-லேயே ஒரு அறக்கட்டளையில் வைத்து, அனாதையான ஹவாய் பிள்ளைகளுக்கென்று எழுதிவிட்டார். 1917 நவம்பர் 11-ல், 79 வயதில் இறந்தார். அந்த அறக்கட்டளை இன்றைக்கும் அந்த மக்களின் பிள்ளைகளைத் தூக்கி விட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த மனு? அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. ஹவாய் மக்கள் இணைப்பை மனதார ஏற்றுக்கொண்டார்கள் என்றே பல காலம் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். 1996-ல் நோயெனோயே சில்வா என்ற ஹவாய் ஆய்வாளர் அந்தத் தாள்களை வெளியே கொண்டுவந்தார். இன்றைய தலைமுறை அதில் தங்கள் பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயரைத் தேடிக் கண்டுபிடித்தது. வீட்டில் யாரும் சொல்லாத வீரம் கையெழுத்தாக இருந்தது.

1993-ல், ஆட்சி கவிழ்ந்து 100 வருடம் ஆனபோது, அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட்டது. ஹவாய் மக்கள் தங்கள் இறையாண்மையையும் நிலத்தையும் ஓட்டெடுப்பு வழியாகவோ வேறு வழியாகவோ நேரடியாக விட்டுக்கொடுத்ததே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 1893-ல் ராணி எழுதி வைத்ததும் இதுதானே? மன்னிப்போடு நிலம் திரும்பவில்லை, உண்மைதான். அந்தப் போராட்டம் இன்றும் நடக்கிறது.

2007 செப்டம்பர் 13-ல் ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரவு, அதில் இந்தியாவும் ஒன்று. எதிர்த்த நான்கில் அமெரிக்காவும் ஒன்று, 2010-ல்தான் அது மனம் மாறி ஆதரித்தது. தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு என்கிறது அந்தப் பிரகடனம். அவர்கள் நிலத்தைப் பாதிக்கும் திட்டம் என்றால், முன்கூட்டியே, எல்லாத் தகவலும் சொல்லி, மிரட்டல் இல்லாமல் அவர்கள் சம்மதம் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. எம்மா நாவாஹியும் அபிகாயில் கேம்ப்பெல்லும் 1897-ல் செய்தது அதுதான். விளக்கிச் சொன்னார்கள், பிறகு கேட்டார்கள், பதிலைப் பெயரோடு எழுதி வாங்கினார்கள்.

சகோதரிகளே, இந்தக் கதையை நம்ம குழுக்களில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும்படி வாசியுங்கள். வாசித்த பிறகு ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைச் சத்தமாகப் படித்து, எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுவோம். சம்மதம் இல்லையென்றால் இல்லை என்பதையும் அதே புத்தகத்தில் எழுதி வைப்போம். நம்ம பேத்திகள் ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டி நம்ம பெயரைத் தேடுவார்கள்.